பாலத்தின் கீழ் ஒரு நாற்காலி

வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து அக்கரை ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டம். பிரசவ வலி எடுத்தவளைக்கூடக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்க வேண்டியிருந்தது. பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் வான்மதி, தன் மாணவர்களோடு சேர்ந்து இரும்புச் சட்டங்களைப் பூட்டிப் பலகை பரப்பி ஒரு பாலம் போட்டுவிட்டாள். இனி கல் ஏற்றிய லாரி ஒன்று அதன்மேல் ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு முன், பாலம் தாங்கும் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் கை வரவில்லை.

கல்லூரி முதல்வர் மாசிலாமணி பாதி ஆயுளைப் பட்டாளத்தில் பாலம் போட்டே கழித்தவர். மீதியை வகுப்பறையில் கழித்தார். வான்மதிக்கும் அவர்தான் ஆசிரியர். கெட்டிக்காரி என்று எல்லோரும் கொண்டாடிய பெண்ணுக்குப் பாலப் பாடத்தில் முட்டை போட்ட புண்ணியவான். ஓடுகிற வண்டி திடீரென்று பிரேக் பிடித்தால் பாலமும் கூடவே முன்னால் இழுபடும். அந்த இழுப்பை மட்டும் அவள் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள். பாதி மதிப்பெண்ணாவது போடுங்கள் என்று அழுதபோது, "பாதிப் பாலத்துல எவன்மா ஆத்தைத் தாண்டுவான்?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆனாலும், சோதனையைப் பார்க்க ஆற்றங்கரைக்கு வந்திருந்த அவரிடம்தான் போய் நின்றாள்.

"சார், எத்தனையோ பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பயமே வராதா?"

"வரும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

அவர் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். தண்ணீர் வற்றிக் கிடந்த கூழாங்கற்களின்மேல், பாலத்தின் நடுப்பகுதிக்கு நேர் கீழே அதை விரித்து உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"லாரியை வரச் சொல்லும்மா."

வான்மதி பின்னாலேயே இறங்கி ஓடினாள். "சார், வேணாம் சார். வரைபடத்தையாவது ஒரு தடவை பாருங்க!"

"கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. இரு கரைக்கும் ஓடி, பாலத்தைக் கரையோடு பிடித்திருந்த ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

லாரி ஏறியது. கீழே ஆள் இருக்கும் விஷயத்தை டிரைவர் சடையப்பனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நடுப்பாலத்தில் அவர் பயந்து பயந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே, பாலத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டியபடி இரண்டு கால்கள் தெரிந்தன.

"ஐயோ, கீழ ஆளுய்யா!" என்று கத்திப் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிட்டார்.

பாலம் முழுவதும் முன்னால் இழுபட்டது. இரும்பு கிறீச்சென்று அலறியது. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கரையில் இருந்த போல்ட்டுகள் இழுத்துப் பிடித்தன. சத்தம் அடங்கியது. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. பாலமும் நின்றது.

வான்மதி சரிவில் விழுந்தடித்து இறங்கினாள். மாசிலாமணி தலையில் விழுந்திருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி நகர்ந்த அடையாளம்கூட இல்லை. அவளுக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. இந்த மனிதரையா இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

"வரைபடத்தை நீங்க பார்க்கவே இல்லையே சார். பிரேக் போட்டாலும் தாங்கும்னு எப்படித் தெரியும்?"

அவர் நாற்காலியை மடக்கினார்.

"வேற எதை மறந்தாலும் அதை நீ மறக்க மாட்டேம்மா. அதுக்குத்தானே அன்னிக்கு முட்டை போட்டேன்."