ஒரே கட்டிலில் இருவர்

மாவடிப் பாளையத்தில், போரில் ஊனமுற்ற வீரர்களுக்கென அரண்மனைச் செலவில் மருத்துவச்சாலை ஒன்று எழுந்தது. திறப்பு நாளில்தான் அதன் வாசலில் நோயாளியின் கட்டில் நுழையாது என்று தெரிந்தது. "நான் வரைந்தது சரி" என்றார் வரைந்தவர். "வரைந்தபடியே கட்டினேன்" என்றார் கட்டியவர். வீரர்கள் வெளியே மழையில் கிடந்தார்கள்.

முறையிட வந்த ஒற்றைக்கால் வீரன் சடைமாயனிடம் பிரதானி திருவேங்கடநாதர், "இவ்விருவரையும் ஒரே பேச்சுப் பேச வை. பிறகு வாசல் சுவரை இடிக்கிறேன். உன்னால் ஆகுமா, நொண்டிக்காலா?" என்றார்.

"ஆகும் சாமி. இருவரையும் ஒரு கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். நாங்கள் உள்ளே கொண்டுபோகிறோம்."

பிரதானி சிரித்துக்கொண்டே இசைந்தார். வீரர்கள் கட்டிலைத் தூக்கி வாசலில் செலுத்தினார்கள், சிக்கியது. சாய்த்தார்கள். சரிந்து விழப்போன இருவரும், "சுவரை இடியுங்கள்" என்று ஒருசேர அலறினார்கள்.

"ஒரே பேச்சுத்தானே, சாமி?" என்றான் சடைமாயன். "படுத்ததும் பிழை யாருடையது என்ற வழக்கே எழவில்லை. இனி வரைகிறவரே கட்டட்டும். திறப்பு நாளில் அவரே முதலில் கட்டிலில் படுத்து உள்ளே போகட்டும்."

வாக்கை மீற முடியாமல் பிரதானி சுவரை இடித்தார். அந்த ஏற்பாடே பாளையத்தின் சட்டமாயிற்று.

அடுத்த மருத்துவச்சாலையின் வாசலில் யானை நுழைந்ததாக வடக்கே சொல்வார்கள், அது மிகை. இரண்டு கட்டில்கள் ஒருசேர நுழைந்தன என்பது தெற்கே வழங்குவது. இரண்டு கதையிலும் சடைமாயன் கட்டிலை மறுத்து, ஊன்றுகோலோடு நடந்தே உள்ளே போகிறான்.