தொழுவத்தில் ஒரு கச்சேரி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவருக்கு மாதம் ஓர் ஆசை முளைக்கும். அரண்மனைத் தொழுவத்தின் இருபது பசுக்களும் பாலை ஆறாகச் சுரக்க வேண்டும் என்பது அந்த மாதத்து ஆசை.

"என் வீணையைக் கேட்டால் பசு தானாகவே சுரக்கும், பிரபு" என்றார் அரசவை வீணை வித்வான் கானமூர்த்தி. பத்து நாள் தொழுவத்தில் உட்கார்ந்து வாசித்தார். தினம் நாற்பது படி கறந்த இடத்தில் அறுபது படி கறந்தது. ராஜா பூரித்துப் போனார். பன்னிரண்டு வருஷமாக அந்த மாடுகளைப் பார்த்துவந்த பூவாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொழுவத்தை வித்வானிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்.

பூவாயி அழுதுகொண்டே சபைக்கு வந்து நின்றாள். அதைப் பார்த்து விகடகவி சாத்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன்தான். ஆனால் ஒருத்தர் பிழைப்பில் மண் விழுந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது.

"மகாராஜா, பால் கூடியது வாஸ்தவம். அது வீணையால்தான் கூடியது என்று எப்படித் தெரியும்?"

கானமூர்த்தி காத்திருந்தது இதற்குத்தான். முன்பு ஒருமுறை தம் கச்சேரியின் நடுவே ராஜா சாத்தப்பன் பேச்சுக்குச் சிரித்ததை அவர் மறக்கவே இல்லை. "பிரபு! சந்தேகப்படுகிறவரே பாடிப் பார்க்கட்டும். அந்தக் குரலுக்கு இருக்கிற பாலும் வற்றிவிடும். வற்றினால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "சாத்தப்பா, வித்வான் செய்தபடியே பத்து நாள் செய். ஒரு படி குறைந்தாலும் பூவாயியோடு நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

"உத்தரவு, பிரபு. அவர் செய்ததில் ஒரு துளியும் மாற்ற மாட்டேன், தொண்டையைத் தவிர!"

வெளியே வந்ததும் பூவாயியிடம் விசாரித்தான். "வித்வான் வந்ததிலிருந்து என்னென்ன பண்ணினார்? ஒன்று விடாமல் சொல்லம்மா."

"சாம்பிராணி போட்டாரு சாமி. மணைபோட்டு உக்காந்தாரு. வெறும் வயித்தோட இருக்கிற சபையில வீணையத் தொடமாட்டாராம். மாடும் சபைதானாம்! அதனால மாட்டுக்கு ஒரு கூடை பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வச்ச பெறகுதான் வாசிச்சாரு."

சாத்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முடிவு கட்டிவிடாமல் வாயை மூடிக்கொண்டான்.

அதே சாம்பிராணி, அதே மணை, அதே கூடை, அதே நேரம். சாத்தப்பன் பாட ஆரம்பித்ததும் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்துபோயின. பசுக்கள் தம் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றன. பத்து நாளும் பால் அறுபது படிக்குக் குறையவில்லை.

"உன் குரலுக்கும் சக்தி உண்டா!" என்று ராஜா அசந்துபோனார்.

இந்த இடத்தில்தான் சாத்தப்பனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொழுவமே அவன் கைக்கு வந்திருக்கும். அவனோ தலையை ஆட்டினான். "இல்லை பிரபு. வீணை வந்தபோதும் கூடை வந்தது, நான் வந்தபோதும் கூடை வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மாடுகளைப் பத்துப் பத்தாகப் பிரிப்போம். வித்வான் இரண்டு பக்கத்துக்கும் வாசிக்கட்டும். கூடை மட்டும் ஒரு பக்கத்துக்கு."

"நன்றாகக் கறக்கிற மாடுகளைக் கூடைப் பக்கம் தள்ளிவிடுவார்!" என்று வித்வான் குதித்தார்.

"நியாயமான பேச்சு. அப்படியானால் திருவுளச்சீட்டு போடலாம். நீங்களே எடுங்கள்."

வித்வானே சீட்டு எடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே புல், ஒரே தண்ணீர், ஒரே வீணை. கறந்த பாலை அளக்கிற வேலை அரண்மனைச் சமையற்காரருக்கு. எந்தக் குடம் எந்தப் பக்கத்தது என்று அவருக்குச் சொல்லக்கூடாது என்றான் சாத்தப்பன். "தெரிந்தால் அவர் கை தானாகச் சாயும். என் கையும் அப்படித்தான், பிரபு. அதனால் என்னை அந்தப் பக்கமே விடாதீர்கள்" என்றான்.

பத்தாம் நாள் குடங்கள் சபைக்கு வந்தன. கூடை தின்ற பத்து மாடுகளின் பால் முப்பது படி. வீணை மட்டும் கேட்ட பத்து மாடுகளின் பால் இருபதே படி. கானமூர்த்தி குடங்களை மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவர் பொய் சொன்னவர் இல்லை. தம் வாசிப்பை மனதார நம்பியவர்.

ராஜா பூவாயியைக் கூப்பிட்டார். "பருத்திக்கொட்டை வைத்தால் பால் கூடும் என்று நீ முன்பே சொல்லியிருக்கலாமே?"

"மூணு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் மகாராசா. எனக்குப் பாடிச் சொல்லத் தெரியல."

சபையில் முதலில் சிரித்தது ராஜாதான்; தம்மை நினைத்தே கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். பூவாயிக்குத் தொழுவம் திரும்பக் கிடைத்தது, தினம் இருபது கூடையோடு.