நூர்ஜகான் உட்கார வைத்த பெண்

"இசக்கிராணியை ஏன் உக்கார வச்சிருக்கே?" என்று கேட்டார் ஞானமுத்து.

பயிற்சியாளர் நூர்ஜகான் கோட்டோரம் நின்றிருந்தாள். கண் ஆட்டத்தில் இருந்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்து இறுதிப் போட்டி. நூர்ஜகானின் அணி பின்தங்கியிருந்தது. அணியின் சிறந்த ஆட்டக்காரியோ தோளில் துண்டோடு பெஞ்சில். அரங்கமே அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரை ஊருக்குச் சொன்னவர் ஞானமுத்து. போன வாரம் அவருடைய நாளிதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அம்மா பீடி சுற்றுகிறாள், மகள் கோப்பையை வெல்லப் போகிறாள். 'பீடித் தட்டிலிருந்து கோப்பைக்கு' என்று தலைப்பும் அவரே வைத்தார்.

அதைப் படித்துவிட்டு டிவிக்காரர்கள் வீட்டுக்கே போனார்கள். அம்மாவின் மடியில் பீடித் தட்டை வைக்கச் சொல்லி, மகளைப் பந்தோடு பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

இன்று பந்து கைக்கு வந்தபோதெல்லாம் இசக்கிராணி கூடையை நோக்கியே எறிந்தாள். இரண்டு பேர் மறித்தபோதும் எறிந்தாள். அந்தப் பக்கம் ரெபேக்கா கையைத் தூக்கிக்கொண்டு தனியே நின்றாள். பந்து அவளிடம் போகவே இல்லை.

ஞானமுத்துவுக்கு வேறொரு காலம் நினைவில் வந்தது.

அப்போது இந்த இடத்துக்குக் கூரை கிடையாது. சிமெண்டுத் தரை, வெயில், ஓரத்தில் சைக்கிள்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவார். வியர்வை காயாமல் பின்னாலேயே ஒரு ஆட்டக்காரி வருவாள். நூர்ஜகான். அவர் போனில் செய்தி சொல்லச் சொல்ல, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று திருத்துவாள்.

"பந்தைக் கொடுத்தது ஸ்டெல்லா, அண்ணாச்சி. அதையும் சொல்லுங்க."

மறுநாள் நாலு வரிதான் அச்சாகும். அதில் ஸ்டெல்லா இருப்பாள்.

நூர்ஜகானின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஞானமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை.

அரங்கம் மறுபடி கத்தியது.

"சனங்க அவளைப் பார்க்கத்தானே வந்திருக்கு," என்றார்.

"தெரியும் அண்ணாச்சி."

"பின்னே?"

"உங்க பேப்பர்ல வந்த பொண்ணை உக்கார வச்சிருக்கேன். இசக்கிராணி வந்ததும் அனுப்புவேன்."

ஞானமுத்து பெஞ்சைப் பார்த்தார்.

அந்தப் பெண் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்புறம் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு முன்னால் ஒரு கேமரா. அம்மா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பொறுத்துக் கேமரா வேறு பக்கம் திரும்பியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மகளின் பார்வை மெல்லத் தரைக்கு இறங்கியது.

மூலையில் ரெபேக்காவை மூன்று பேர் வளைத்துக்கொண்டார்கள்.

"ரெபே, பின்னால கொடு! பின்னால செல்வி நிக்கா!"

இசக்கிராணி எழுந்து நின்றிருந்தாள். துண்டு நழுவிக் கீழே கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

நூர்ஜகான் திரும்பாமலே சொன்னாள்.

"போ."

உள்ளே போனவளை உடனே இரண்டு பேர் மறித்தார்கள். அவள் பந்தைக் கொடுத்தாள். வாங்கினாள். மறுபடி கொடுத்தாள். கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பதையே மறந்துவிட்டவள் போல ஓடினாள். கூட்டம் அவள் பெயரைக் கத்துவதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியது.

ரெபேக்கா எறிந்த கடைசிப் பந்து கூடையில் விழுந்தது. அப்படியும் ஒரு புள்ளி குறைந்தது. கோப்பை போய்விட்டது.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பீடிக்காரம்மா மகள் தோற்றுவிட்டாளாமே, அழுகிற மாதிரி ஒரு படமும் நாலு வார்த்தையும் வாங்க முடியுமா என்று கேட்டார்கள்.

ஞானமுத்து அவளிடம் போனார். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வருத்தமா இருக்காம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை.

"சார், ரெபேக்கா கடைசியா போட்டதைப் பார்த்தீங்களா?"

போன் காதில் இருந்தது. ஞானமுத்து அதை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ சொல்லு."