துடுக்கன் ஒட்டிய வீணை

துடுக்கன் என்ற குரங்கிடம் ஒரு வீணை இருந்தது. அந்த வீணையை நம்பி ஒரு யானையின் உயிர் இருந்தது!

விளையாட்டில்லை, நிஜமாகத்தான். காட்டு மேட்டில் பெரியாத்தா என்ற யானை இருந்தாள். இரண்டு கண்ணும் தெரியாது. ஒருமுறை நரிகள் அவள் பிள்ளைகளைப் போலவே குரல் கொடுத்து அவளைச் சேற்றில் இறக்கிவிட்டன. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவள் நம்புவதில்லை. வெயில் சாயும் நேரத்தில் துடுக்கன் குளக்கரையில் உட்கார்ந்து வீணை மீட்டுவான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீருக்கு இறங்கி வருவாள். வீணை கேட்கவில்லை என்றால் அவள் காதில் விழுவது அருவிச் சத்தம் மட்டும்தான். அருவிப் பக்கம் போனாலோ, அதலபாதாளம்!

வீணையைச் செய்தவள் செங்கொண்டை என்ற மரங்கொத்தி. பலாக்கட்டையில் குடம் குடைந்து, அதில் நீண்ட கழுத்தான தண்டியைப் பொருத்தி, வச்சிரத்தால் ஒட்டியிருந்தாள். வயதாகிச் செத்த எருமையின் தோலை ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கிற பசைதான் வச்சிரம். சூட்டில் தேனாக ஓடும். ஆறிவிட்டால் அசையாது.

ஆனால் அடைமழையில் மட்டும் ஈரம் ஏறி, ஒட்டு லேசாக இளகும். செங்கொண்டை குளக்கரை வெந்நீர் ஊற்றிலிருந்து நீர் எடுத்து விட்டுப் பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டுவாள். மூன்று நாள் வேலை. மழைக்காலத்தில் மேட்டிலேயே தண்ணீர் தேங்கிக் கிடக்கும் என்பதால் யாருக்கும் அவசரமில்லை. துடுக்கனுக்குத்தான் கை சும்மா இருக்காதே!

"வருஷா வருஷம் இதே கூத்தா? வெந்நீர் பட்டதும் விட்டுப்போற பசையெல்லாம் ஒரு பசையா?" என்று குதித்தான்.

அந்த வருஷ மழையில் செங்கொண்டை வருவதற்குள் அவனே வேலையில் இறங்கிவிட்டான். பலாப்பாலை எடுத்தான், குங்கிலியத்தை உருக்கினான், சுண்ணாம்பைக் குழைத்தான். அள்ளி அப்பி ஒட்டினான். மறுநாள் வீணைக் குடத்தைக் கிளையிடுக்கில் மாட்டி, தண்டியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவே செய்தான்! காடே கைதட்டியது.

"பாத்தியா அக்கா! ஏழு ஜென்மத்துக்கும் விடாது!"

"விடாதுதான். நாளைக்குப் பிரிக்க வேண்டி வந்தா என்னடா பண்ணுவே?" என்றாள் செங்கொண்டை.

"ஏன் பிரிக்கணும்?"

"மரம் மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். ஒட்டு கொஞ்சம் இடம் கொடுக்கணும்டா."

"உனக்குப் பொறாமை!" என்று சொல்லிவிட்டுத் துள்ளி ஓடினான் துடுக்கன்.

கோடை வந்தது. ஒரு நாள் காலையில் "டப்!" என்று சத்தம். துடுக்கன் பதறி ஓடிப் பார்த்தான். அவன் பசை அப்படியே இருந்தது. ஒட்டுக்குப் பக்கத்தில் வீணையின் மரம்தான் பிளந்திருந்தது! தந்தியைத் தொட்டால் கரகரவென்று ஓர் இரைச்சல். மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மாலையில் பெரியாத்தா கிளம்பிவிடுவாள்!

"அக்கா! அக்கா! காப்பாத்து!"

செங்கொண்டை திட்டவில்லை. திட்ட நேரம் ஏது? வச்சிரச் சில்லுகளைக் கொட்டாங்குச்சித் தண்ணீரில் ஊறப்போட்டாள். விடாப்பசையை டக் டக் டக் என்று கொத்த ஆரம்பித்தாள். வெந்நீருக்கு அது அசையவில்லை. அலகால் பெயர்த்தால் நல்ல மரமும் சேர்ந்து பெயர்ந்தது. ஒவ்வொரு சிராய் விழும்போதும் துடுக்கனுக்குத் தன் தோலே உரிவது போல வலித்தது. உச்சி வெயில் தாண்டித்தான் தண்டி கையோடு வந்தது.

பிளவுக்குள் வைக்கப் பலா ஆப்புகளைச் செதுக்கினாள். ஊறிய வச்சிரத்தைக் கொட்டாங்குச்சியோடு வெந்நீர் ஊற்றில் மிதக்கவிட்டாள். அது மெல்ல மெல்ல உருகியது.

"பெரியாத்தா எழுந்துட்டா! காதை ஆட்டுறா!" என்று மேலிருந்து கிளி கத்தியது.

"அக்கா, ஊற்று பொங்குற அந்தப் பாறைக் குழியில தண்ணி தளதளன்னு கொதிக்குது! அதுல வச்சா சட்டுனு உருகிடுமே!"

"தொடாதே! கொதிச்சா வச்சிரத்தோட பலம் போயிடும்! நீ போய் மரத்தைச் சுடுபாறையில வச்சுச் சூடாக்கு. குளிர்ந்த மரத்துல தடவினா பிடிக்காது!"

பரபரத்த கையை அடக்கிக்கொண்டு, துடுக்கன் முதல் தடவையாகச் சொன்னபடி செய்தான். குடத்தையும் தண்டியையும் வெயில் பாறையில் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினான்.

"நடக்க ஆரம்பிச்சுட்டா! அருவிப் பக்கம் திரும்புறா!"

"இப்போ! ஆறுறதுக்குள்ள தடவு!"

தடவினான், ஆப்பைச் செருகினான், தண்டியை அழுத்தினான். பிடித்துக்கொண்டது! ஆனால் தந்தியை முறுக்கினால் இந்தப் பச்சை ஒட்டு தாங்குமா? இறுக்கிக் கட்ட ஏதாவது வேண்டுமே! துடுக்கன் சுற்றிலும் பார்த்தான். குளக்கரையில் நீளன் என்ற மலைப்பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"நீளண்ணே! இதைக் கட்டிப்பிடிங்க!"

"எவ்வளவு நேரம்?"

"காய்ற வரைக்கும்!"

"இதைச் சாப்பிட வேண்டாம்ல? அப்ப சரி!" என்று நீளன் இணைப்பைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியது.

"பள்ளத்துக்குப் பத்தடிதான் இருக்கு!" கிளிக்குத் தொண்டையே கிழிந்துவிட்டது.

துடுக்கன் தந்தியை முறுக்கினான். மீட்டினான். டொய்ங்ங்! கம்மிய சத்தம்தான், ஆனால் அது வீணைச் சத்தம்!

மேட்டில் ஒரு கால் தூக்கியபடியே நின்றது. காதுகள் விரிந்தன. தூக்கிய காலை மெதுவாகப் பின்னால் வைத்து, பெரியாத்தா குளத்துப் பக்கம் திரும்பினாள்! காடு முழுக்க ஒரே ஆரவாரம்!

அவள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "என்னடா துடுக்கா, வீணைக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

"நான் கட்டிப்பிடிச்சிருக்கேன் ஆத்தா!" என்றது நீளன்.

துடுக்கன் அழுதுவிட்டான். தன் பசையைப் பற்றியும் பீற்றலைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னான். பெரியாத்தா தும்பிக்கையால் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நன்றாகவே வலித்தது.

அடுத்த மழையில் வீணையின் ஒட்டு மறுபடி லேசாக இளகியது. செங்கொண்டை வந்து பார்த்தால், துடுக்கன் அவளுக்கு முன்பே வெந்நீர் ஊற்றில் கொட்டாங்குச்சியை மிதக்கவிட்டு, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்!

பிரிக்கவே முடியாதபடி இறுக்கியது உடைந்துதான் பிரியும்; பிரித்துச் சரிசெய்ய இடம் வைத்து ஒட்டியதே கடைசிவரை உழைக்கும்.