மோர்க்காரியின் கண்

வெகு காலத்துக்கு முன்பு, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த நெடுங்கோட்டை என்ற நாட்டைச் செண்பகவேந்தர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் தன் உடம்பில் படாத எதையும் நம்பமாட்டார். தனக்குப் பசித்தால் ஊருக்கே சாப்பாட்டு மணி அடிக்கச் சொல்வார். தனக்கு ஜலதோஷம் பிடித்தால் குதிரைக்கும் மிளகுக் கஷாயம் உண்டு. அடுத்தவனுக்குத் தலைவலி என்றால், தன் தலையைத் தடவிப் பார்த்து, "ஒன்றும் இல்லையே!" என்பார்.

அந்த ராஜா மண்டபம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அங்கே சிற்பிகளுக்கு மோர் ஊற்றுகிறவள் ஆவுடை. புருஷன் போன பிறகு அந்த மோர்ப்பானைதான் அவளுக்குச் சோறு போட்டது. கல்தூசி படிந்த சிற்பிகள் கையைக் கழுவிக் குவித்து வாயருகே வைத்து நிற்பார்கள். ஆவுடை செம்பை உயரத் தூக்கி ஊற்றினால் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாது.

கல் செதுக்கும் இடத்தைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டுவது வழக்கம். தெறிக்கும் கல்சில்லை அந்தத் தட்டி வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் ராஜாவின் பல்லக்கு அந்த வழியாக வருகிறது என்று கேள்விப்பட்டார், மண்டப வேலைக்கு மேற்பார்வையாளரான உத்தண்டியார். "தட்டி மறைத்தால் என் வேலை ராஜா கண்ணில் எப்படிப் படும்? அவிழ்த்துப் போடுங்கள்!" என்றார். தலைமைச் சிற்பி வேண்டாம் என்று மன்றாடியும் கேட்கவில்லை. பல்லக்கு போன பிறகும் திரும்பக் கட்டவில்லை. மறுநாள் மோரோடு வந்த ஆவுடையின் வலது கண்ணில் ஒரு சில்லு பாய்ந்தது.

வைத்தியரால் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் எழுந்து வந்து, பழையபடி செம்பைத் தூக்கினாள். மோர் கைக்குள் விழாமல் தினமும் முழங்கையில் வழிந்தது. சிற்பிகள் ஒன்றும் சொல்லாமல் துடைத்துக்கொண்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உத்தண்டியாரோ, "நாளையிலிருந்து வேறு மோர்க்காரி வருவாள்" என்று சொல்லிவிட்டார். ஆவுடை பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அரசவைக்கு நடந்தாள். அங்கே உத்தண்டியாரும் உட்கார்ந்திருந்தார்.

"மகாராசா, தட்டிய அவுக்கச் சொன்னது இவுக. கண்ணு போனது எனக்கு. பொழப்பும் போச்சு. எனக்கு ஒரு வழி சொல்லணும்."

உத்தண்டியார் எழுந்தார். "அரசே! நான் உளியைப் பிடித்தேனா, சுத்தியலைத் தொட்டேனா? கல் தானாகத் தெறித்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அதோடு, இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது! இரண்டு கண்ணுக்குத் தெரிகிற இதே சபைதான் ஒரு கண்ணுக்கும் தெரிகிறது. இவளுக்கு நஷ்டம் எங்கே?"

ராஜா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். "தூண் தெரிகிறது. நீரும் தெரிகிறீர். சரிதானே!" என்றார்.

அமைச்சர் பூவணநாதர் எழுந்து நின்றார். அவர் நாற்காலி மேல் உத்தண்டியாருக்குப் பல வருஷமாக ஒரு கண்.

"அரசே, இவளுக்கு நஷ்டம் உண்டு."

"அப்படியானால் உச்சிவேளைக்குள் அதை எனக்கு உணர்த்தும்!"

"முடியாவிட்டால்," என்று உத்தண்டியார் குழைந்தார், "அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தை என்னிடம் கழற்றிக் கொடுக்கட்டும்."

"அதுவும் நல்ல யோசனைதான்!" என்றார் ராஜா.

அமைச்சர் ஆவுடையிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார். "அம்மா, இப்போது உனக்கு எது முடியவில்லை?"

"எல்லாம் தெரியுதுங்கய்யா. எவ்வளவு தள்ளி இருக்குன்னுதான் தெரியல."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. "அரசே, வெயில் ஏறிவிட்டது. தாகமாக இருக்குமே?"

"ஆமாம்! நாட்டுக்கே தாகமாகத்தான் இருக்கும்!"

"ஆவுடையிடம் மோர் இருக்கிறது. உத்தண்டியாரே ஊற்றட்டும், அவள் ஊற்றுவது போலவே உயரத்திலிருந்து. ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொள்ளட்டும்."

"இதென்ன பெரிய வித்தை!" என்று சிரித்த உத்தண்டியார் மேல்துண்டால் வலது கண்ணைக் கட்டிக்கொண்டார். ராஜா கையைக் குவித்தார். செம்பு சாய்ந்தது. மோர் ராஜாவின் மார்பில் விழுந்தது. பதறிப்போய்ச் செம்பைப் பின்னுக்கு இழுத்தார், மடியில் விழுந்தது. முன்னுக்கு நீட்டினார், மீசையில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது.

"கண் தெரியவில்லையா உனக்கு?" என்று உறுமினார் ராஜா.

"தெரிகிறது அரசே! தங்கள் கையும் தெரிகிறது, செம்பும் தெரிகிறது. நடுவில் எவ்வளவு தூரம் என்றுதான் பிடிபடவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு யாரால் ஊற்ற முடியும்?" சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவரைக் கோபிக்காதீர்கள் அரசே," என்றார் அமைச்சர். "மோர் தானாகத் தெறித்தது. அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?"

"தானாகவா? செம்பு இவன் கையில்தானே இருந்தது!"

"தட்டியும் இவர் வார்த்தையில்தான் இருந்தது, அரசே."

ராஜாவின் தாடியிலிருந்து மோர் சொட்டியது. அப்போதுதான் அவர் ஆவுடையை நன்றாகப் பார்த்தார்.

"அம்மா, இப்படித்தான் தினமும் நடக்கிறதா?"

"தினமுந்தான் மகாராசா. எங்க ஆளுக பட்டு உடுத்தல. அதான் உங்க காது வரைக்கும் வரல."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். உத்தண்டியாரின் ஆற்றங்கரை நஞ்சை இன்று முதல் ஆவுடைக்குச் சொந்தம். மண்டபம் முடியும் வரை சிற்பிகளுக்கு மோர் ஊற்றுவது உத்தண்டியார், அதுவும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு. மோதிரம் அமைச்சரின் விரலிலேயே இருந்தது.

ஆவுடை கும்பிட்டாள், ஆனால் நகரவில்லை. "நெலம் குடுத்தீக, சந்தோசம். கண்ணு இனிமே வராது, அது எனக்கே தெரியும். அந்தத் தட்டிய மட்டும் கட்டச் சொல்லுங்க மகாராசா. இன்னும் அவுந்தேதான் கெடக்கு. இனிமே அங்க வாரவுகளுக்காச்சும் ரெண்டு கண்ணும் இருக்கட்டும்."

"என் கண்ணில் படத்தானே அதை அவிழ்த்தார்கள்," என்றார் ராஜா. நனைந்த பட்டோடு இறங்கி மண்டபத்துக்கு நடந்தார். தன் கையாலேயே தட்டியைக் கட்டினார். கயிற்றைத் தொட்டுப் பழகாத கை, முடிச்சு தொளதொள என்று இருந்தது.

அவர் போன பிறகு தலைமைச் சிற்பி அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். ஆவுடை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.