மானிட்டர் மேல் ஒரு துண்டு

"டீச்சரம்மா, புள்ளி சரி. விதை சரி. பிறகு ஏன் வாந்தி நிக்கல?"

கேட்டவர் டாக்டர் சந்தியாகு. முப்பது வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறவர். காதில் ஒரு புள்ளியில் விதையை ஒட்டி, அதை அழுத்திக் குமட்டலைத் தணிக்கும் வித்தையை ஒரு மாதமாக நர்ஸ் செண்பகவல்லியிடம் கற்று வருகிறார். அவள் அவருடைய மகளைவிட இரண்டு வயது இளையவள்.

கட்டிலில் முத்துப்பேச்சி. காலையில் பித்தப்பையை எடுத்தாயிற்று. ஊசி போட்டும் குமட்டல் அடங்கவில்லை. ஓங்கரிக்கும்போதெல்லாம் தையல் சுண்டி இழுத்தது. பிரிந்துவிடுமோ என்று பயந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

செண்பகவல்லி அவள் காதைப் பார்த்தாள். நடுவில் சின்னப் பிளாஸ்திரி, அதற்குள் கடுகளவு விதை. ஒட்டியதில் குற்றமில்லை.

"எப்பெப்ப அழுத்துனீங்க சார்?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. மானிட்டர்ல மணி பாத்து."

"இப்பவும் அதத்தான் பாக்கீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய நோயாளிகள் எல்லோரும் தூங்குகிறவர்கள். இத்தனை வருடமும் அவரோடு பேசியது மானிட்டர் ஒன்றுதான்.

செண்பகவல்லி கட்டில் ஓரத்தில் கிடந்த முகம் துடைக்கும் துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டாள்.

"ஐயோ! நம்பர் தெரியாம எப்படி?"

"ஆபத்துன்னா அது கத்தும் சார்."

"எப்ப அழுத்தணும்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"அடுத்த வார்டுல கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சந்தியாகுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்கூட வந்தது. கேள்வி கேட்டால் துண்டைப் போடுகிறாளே, இது என்ன பாடம்?

காதில் விரலை வைத்தபடி துண்டையே முறைத்தார். துண்டில் பார்க்க என்ன இருக்கிறது? வேறு வழியில்லாமல் முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தார்.

உதடு வெளுத்தது. எச்சிலை விழுங்கினாள். தாடை அசைந்தது அவர் விரலுக்குத் தெரிந்தது.

அழுத்தினார். ஏன் அப்போது அழுத்தினீர்கள் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஓங்கரிப்பு வரவில்லை.

மறுபடி விழுங்கினாள். மறுபடி அழுத்தினார்.

"மூச்ச மெதுவா விடுங்கம்மா" என்றார்.

வயிற்றைப் பிடித்திருந்த ஒரு கை நழுவி மெத்தையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றதும்.

முத்துப்பேச்சி கண்ணைத் திறந்தாள்.

"நீங்க யாருய்யா?"

அவருக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா, தெரியலயா? காலையில உங்களத் தூங்க வச்சதே நான்தான். மத்தியானத்துல இருந்து உங்க பக்கத்துலதான நிக்கேன்!"

முத்துப்பேச்சி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் குழப்பம்தான்.

"அப்படியாய்யா? இப்பத்தான் வந்தீங்கன்னுல்லா நெனச்சேன்."