ஒரு கூடைச் சேறு

மலையடிவாரத்தில் உமையம்மை என்ற துறவியின் மடம் இருந்தது. மடத்துக் குளத்தைப் பார்த்துக்கொண்டவர் கோமதிநாயகம். ரைஸ் மில்லை மகனிடம் விட்டுவிட்டுச் சீடராக வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

அந்தக் கோடையில் குளத்தில் பாசி படர்ந்து நாற்றமெடுத்தது. மடத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு அவமானமாக இருந்தது. யாரிடமும் கேட்காமல் உரக்கடைக்குப் போய் ஒரு மூட்டை மயில்துத்தம் வாங்கிவந்தார். நீலநிறச் செம்பு உப்பு. அத்தனையையும் குளத்தில் கரைத்தார்.

பாசி செத்தது. மறுநாள் கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன. பிறகு நத்தைகள் கரையில் ஒதுங்கின. தவளைச் சத்தம் நின்றுபோனது. தண்ணீர் மட்டும் தரை தெரியுமளவு தெளிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெயிலில் வற்றிய குளம் மழை பெய்து நிறைந்ததும் மீன்குஞ்சு வாங்கி விட்டார். அவையும் செத்தன.

"அம்மா, தண்ணி புதுசு. ஏன் பிழைக்க மாட்டேங்குது?"

உமையம்மை படியிறங்கிக் குனிந்து, அடிச்சேற்றில் ஒரு கை அள்ளிக் காட்டினார்.

"நீங்க போட்ட செம்பு இதுல இருக்கு."

"எப்போ போகும்?"

"இலை தழையா, மக்கிப்போக?"

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப சேத்தை வாரி வெளியே கொட்டிடறேன்."

"கொட்டுங்க. யாரும் இல்லாத இடமாப் பார்த்து."

"யாரும்னா?"

"உசுரோட யாரும்."

முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். காலால் மண்ணைக் கிளறினார். மண்புழு நெளிந்தது. ஓடைக்குப் போனார். தலைப்பிரட்டைகள் கூட்டமாகத் திரும்பின. கரட்டுப் பொட்டலில் ஒரு கல்லைப் புரட்டினார். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. கல்லை இருந்தபடியே வைத்தார்.

பொழுது சாயும்போது திரும்பிவந்தார். கூடை தலையிலேயே இருந்தது. சேற்றுநீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. கீழே இறக்கி வைக்கவும் அவருக்குத் துணிவில்லை.

"எங்க போனாலும் யாராவது இருக்காங்கம்மா. யாருமே இல்லாத இடம்னு ஒண்ணு இல்லையே."

"ஒண்ணு இருக்கு."

"எங்கம்மா?"

உமையம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்த இடத்துலயே கொட்டுங்க, ஐயா. அங்கதான் இப்ப யாரும் இல்லை."